விடியலில் மருந்து தூவச் சொன்ன காதர் பாய்

முந்தாநாள் மாலை மண்டியைப் பூட்டும் நேரத்தில் பொன்னேரி பஸ் கண்டக்டர் வந்து, "காதர் பாய் பூட்டாருங்க. நாளிக்கு அவுரு ஊரு பழவேற்காட்டுல அடக்கம்" என்றார். திருவள்ளூரில் என் புண்ணாக்கு மண்டிக்கு அடுத்ததுதான் அவருடைய பூச்சிமருந்துக் கடை. கடம்பத்தூரில் நெல் பயிரிடும் முனிரத்தினத்துக்கு உடனே ஆள் அனுப்பினேன்.

பாய் கடை வைத்த புதிதில் டி.டி.டி. தூளை யாரும் நம்பவில்லை. வெயில் ஏறினால் வீரியம் ஏறும் என்று நம் ஆட்கள் அதை மிளகாய்போல் கோரைப்பாயில் காயவைத்து, உச்சி வேளையில் தூவினார்கள். ஒரு கோடையில் முனிரத்தினம் காலி டப்பாவோடு வந்து நின்றார். கதிர் பால் பிடித்த சமயம். நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்சினால் மொத்தமும் பதர்.

"இன்னா பாய், மருந்துன்னு மாவக் குடுத்துட்டியா? பூச்சி அதும் மேலயே நடந்துக்கினு போவுது."

பாய் கோபக்காரர்தான். அன்று கோபப்படவில்லை. குளிர்ந்த காலையில் மருந்து பட்டு விழும் ஈ, மதியச் சூட்டில் தப்பிப் பறப்பதைக் கடையிலேயே கவனித்திருந்தார்.

"மருந்து பொய்யில்ல நைனா, நேரந்தான் தப்பு. சூட்டுல அதுக்கு வேகம் பத்தாது. நாளிக்கு உடியல்ல நானே வந்து தூவறேன். பூச்சி உழலன்னா கடைய மூடிக்கினு ஊருக்குப் போய்டறேன்."

மறுநாள் விடியல் தொழுகையை முடித்து, லுங்கியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். நெல் தாளெல்லாம் பனியில் ஈரமாக இருந்ததால் தூள் ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் பூச்சிகள் வரப்போரத் தண்ணீரில் மிதந்தன. முனிரத்தினம் அவருக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப்பின் பாய் கடையில் மருந்து வாங்கியவர்கள் எல்லோரும், "உடியல்ல தூவு, காய வெக்காத" என்று திட்டும் சேர்த்தே வாங்கினார்கள்.

நேற்று பழவேற்காட்டில் எல்லோரும் மண் போட்டு முடிக்கும் தறுவாயில்தான் முனிரத்தினம் ஓடி வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னாபா, இன்னிக்குக்கூடவா லேட்டு?"

"கதிரு பால் புடிச்சிக்கிது. உடியல்ல மருந்து தூவிட்டு வந்தேன். அத உட்டுட்டு வந்தா, பாய் என்னைத் திட்டியே தொரத்துவாரு."

அவர் குனிந்து மண் அள்ளிப் போட்டார். கழுவியும் போகாத மருந்து வாடை அந்தக் கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிம்மதியாகப் போய் வாருங்கள், பாய்.