"போறன்" என்ற பொத்தான்

இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அப்படிப்பட்ட நான், நானே எழுதிவைத்த ஒற்றைச் சொல்லைப் போன் திரையில் கண்டு நடுங்கி, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்கு ஓடினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சொல் வந்தது மச்சானின் போனிலிருந்து. என் மனைவியின் ஒரே அண்ணன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, மாலையானால் சின்னத் தோணியொன்றில் ஏறி நாவற்குடாவுக்கு எதிரே வாவியில் தனியாகத் தூண்டில் போடுவார். ஒருநாள் தோணிக்குள்ளேயே தலைசுற்றி விழுந்தார். இனித் தனியே போகக் கூடாதென்று டாக்டர் சொன்னதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து மாலை வந்தாலே மனைவி வாசலுக்கும் வீதிக்குமாக நடப்பாள். பயத்துக்கு மென்பொருளில் மருந்து இருக்கிறதென்று நம்புகிற ரகம் நான். மச்சானுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, அவர் இருக்கும் இடம் எங்கள் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்தேன். வீட்டிலிருந்தே பிடிக்கட்டும் என்று மீன்பிடி விளையாட்டொன்றையும் போட்டுக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் விளையாடிவிட்டு, "காத்தில்ல, கொசுக்கடி இல்ல, பிடிச்ச மீனைக் கறியாக்கவும் ஏலாது. இதென்ன மச்சான் விளையாட்டு?" என்றார். கணினி விளையாட்டுகளைப் பற்றி இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

எழுத்து எழுத்தாகத் தட்ட அவருக்குப் பொறுமை இல்லை. அதனால் திரையில் மூன்று பெரிய பொத்தான்கள் வைத்தேன். தொட்டால் தங்கச்சிக்குச் செய்தி போகும். ஒன்றில் "வந்திட்டன்", இன்னொன்றில் "சாப்பாடு வேணாம்". மூன்றாவதில் "போயிட்டு வாறன்" என்று இருந்திருக்க வேண்டும். பொத்தானுக்குள் அது அடங்கவில்லை. "போறன்" என்று வெட்டினேன். எங்கள் பக்கத்தில் வாசலைத் தாண்டும் எவரும் அப்படிச் சொல்வதில்லை. அது திரும்பி வராதவர்களின் சொல். பொத்தானைக் கண்டதும் மச்சானின் முகம் கறுத்தது. "இதை நான் தொடமாட்டன்" என்றார். மாதக்கணக்காகத் தொடவுமில்லை.

மாரி தொடங்கிய நாட்களில் ஒரு மாலை. வானம் இருண்டு கிடந்தது. மனைவி போனை நீட்டியபடி வந்தாள்.

"இஞ்ச பாருங்க, அண்ணன் 'போறன்' எண்டு போட்டிரிக்கார்."

"அது பொத்தான். நான் எழுதினது."

"ஏன் அப்பிடி எழுதினீங்க?"

"இடம் காணாது."

"ஊர்ச் சனத்திர நாக்குக்கு இடம் காணுது, உங்கட பொத்தானுக்குக் காணாதோ?" என்றாள். "அவர் அதைத் தொடவே மாட்டாரே. இண்டைக்கு ஏன் தொட்டவர்?"

அழைத்துப் பார்த்தோம், தொடர்பு கிடைக்கவில்லை. நீலப் புள்ளி நடு வாவியில் நின்றது. அசையவில்லை.

பக்கத்து வீட்டு மீன்காரரின் இயந்திரத் தோணியில் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தொழிலின் பெரிய குறை என்னவென்று கேட்டால், "தெரியாது" என்று சொல்லத் தெரியாத மென்பொருள்களை எழுதுகிறோம் என்பேன். தொடர்பு அறுந்தால், கடைசியாகத் தெரிந்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், ஆள் அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதுபோல. நானும் அப்படி எழுதியவன்தான். திரை வெறுமையாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. இதெல்லாம் தெரிந்தும் அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

என் புள்ளி அவருடைய புள்ளியோடு சேர்ந்தது. மீன்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். சுற்றிலும் மழை குத்திய தண்ணீர். தோணியும் இல்லை, ஆளும் இல்லை.

"இஞ்சதானா சேர்?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, தண்ணீருக்குள் குனிந்து பார்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை. கையில் போன் அதிர்ந்தது. மனைவி. எடுக்கவில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"அந்தா" என்றார் மீன்காரர். காத்தான்குடிப் பக்கக் கரையில் ஒரு சின்னத் தோணி கவிழ்ந்து கிடந்தது. அது மச்சானின் தோணி. கிட்டப் போனபோது தோணிக்குக் கீழிருந்து ஒரு கால் நீண்டது. பிறகு பீடிப் புகை வந்தது. மழைக்கு ஒதுங்கத் தோணியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, உடுத்திருந்த சாரத்தால் தலையை மூடியபடி உள்ளே குந்தியிருந்தார் மச்சான்.

இப்போது அவரிடமிருக்கும் போனில் "போயிட்டு வாறன்" முழுதாக இருக்கிறது, எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி அழுதுகொண்டே ஏசினாள். "அந்தப் பொத்தானை ஏன் தொட்டீங்க?"

"நான் எங்க தொட்டன்? மழை வருதெண்டு போனைப் பைக்குள்ள வைக்கப் போனன், வழுக்கிச்சு. எட்டிப் பிடிக்கக்குள்ள விரல் பட்டிச்சு. தண்ணிக்குள்ள விழுந்திட்டு." தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "போறன் எண்டு சொன்னது நானில்ல மச்சான், உங்கட போன்தான். சொன்னபடி போயிட்டுது."