தம்மாமுக்குப் போன எலுமிச்சை ஜாம்

துபாய்க்கு வந்த புதிதில் கடையில் எலுமிச்சம்பழம் கேட்டேன். கடைக்காரன் கறுத்துக் காய்ந்து கல்லாய்ப் போன ஓர் உருண்டையை எடுத்து நீட்டினான். ஆட்டினால் உள்ளே விதை கடகடவென்கிறது. அரபிகள் அதைத்தான் குழம்பில் போடுகிறார்கள். நாளாவட்டத்தில் எனக்கும் பழகிவிட்டது. ஆனால் "இத்தாலியில எலுமிச்சம்பழம் எளநி தண்டி காய்க்கும் அண்ணாச்சி" என்று காசி சொன்ன நாளிலிருந்து, அந்தக் கறுப்பு உருண்டையைக் கண்டாலே வயிறு எரியும்.

காசி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். நான்தான் அவனுக்கு விசா வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் சிமென்ட் குழைத்தவன், வண்டி ஓட்டப் பழகி, எங்களுக்கு விசா கொடுக்கும் அரபி முதலாளிக்கே, அதாவது கஃபீலுக்கே, டிரைவராகிவிட்டான். கஃபீல் வீட்டார் கோடைக்கு இத்தாலிக் கடற்கரைக்குப் போனால் பெட்டி தூக்க இவனும் போவான். திரும்பி வந்ததும் பர் துபாயில் எங்கள் ரூமில் வெள்ளிக்கிழமை முழுக்க அவன் கச்சேரிதான். மலை நேராகக் கடலுக்குள் இறங்குமாம். வீடெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், கள்ள லாஞ்சில் கடல் தாண்டி வந்து இறங்கியவன். இன்று என் கையின் கீழ் இருபது கொத்தனார்கள். இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் நான் பதித்த தரையில்தான் நடக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் சோற்றுத்தட்டோடு ஓரமாய் இருக்க, எல்லோரும் பெட்டி தூக்கியவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால், கஃபீல் தன் புது வீட்டுக்கு இத்தாலியிலிருந்து பளிங்குக்கல் இறக்கப்போவதாகச் சொன்னபோது நான் விடவில்லை. கல்லை நான் தட்டிப் பார்க்காமல் வாங்கினால் தரைக்கு நான் பொறுப்பில்லை, கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கும் டிக்கெட் போட்டார். கல் பார்த்து முடித்த மறுநாள் அவருக்கு வேறு வேலை. ஸ்பெசியா என்ற துறைமுகத்தில் என்னைச் சுற்றுலாப் படகில் ஏற்றிவிட்டார்.

மலையையும் வீடுகளையும் பற்றிக் காசி சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீலக் கடலுக்கு மேலே மலை முழுக்கப் படிப்படியாய்த் திராட்சைத் தோட்டம். ஒவ்வொரு படிக்கும் சிமென்ட் இல்லாமல் வெறுங்கல்லை அடுக்கியே சுவர் கட்டியிருக்கிறார்கள். கரையில் கிழவர்கள் வெயிலை வேண்டுமென்றே தேடி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் சைட்டில் ஒரு லாரி நிழலுக்கு அடித்துக்கொள்கிறவர்கள். பிறந்த வாசலிலேயே இத்தனையும் கிடைக்க இவர்களுக்கு யார் விசா கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மொந்தெரோஸ்ஸோ என்ற ஊரில் படகு நின்றது. ஒரு கடையில் அந்த எலுமிச்சைகள் தொங்கின. இளநீர் அளவு இல்லை, ஆனாலும் பெரிதுதான். கடைக்கார அம்மாள் கையை அசைத்து எந்த ஊர் என்று கேட்டாள். திருநெல்வேலி என்றால் யாருக்குத் தெரியும்? "துபாய்" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே ஓடிப்போய்ச் சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றி வந்தாள். தலையில் ஹெல்மெட், பின்னால் எண்ணெய்த் தொட்டி, சுற்றிலும் எனக்குத் தெரிந்த அதே மணல். "மார்க்கோ. தம்மாம்" என்றாள். அவள் மகன். தம்மாம் சவூதியில் இருக்கிறது, அது வேறு நாடு, ரொம்பத் தூரம் என்று கையை விரித்துக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு ஒரு ஜாம் புட்டியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

முதல் லீவு முடிந்து நான் கிளம்பும்போது எதிர்வீட்டு அக்காளும் இப்படித்தான் நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்து நின்றாள். "துபாய்க்குத்தானே போற, போற வழியில குவைத்துல அத்தானுக்குக் குடுத்துரு தம்பி" என்றாள். ஊரிலிருந்து திரும்புகிறவன் பெட்டியில் பாதி அடுத்தவன் சாமான்தான், அதை வேண்டாமென்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. கைமாறிக் கைமாறி எப்படியோ போய்ச் சேரும். அதனால் இங்கேயும் கையை நீட்டிவிட்டேன். மகனின் கம்பெனிப் பெயரை எழுதிச் செருகி, முடிச்சை ஒருமுறை தடவிவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள். மகன் இருக்கிற சீமைக்கு நான் போகிறேன், அவள் போக முடியாது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காசியை நான் பார்க்கிற பார்வை.

திரும்பி வந்து விசாரித்தால், தம்மாமுக்குப் போகிற ஒரே ஆள் காசிதான். கஃபீலை அழைத்துக்கொண்டு போகிறானாம். அவன் கையில் கொடுப்பதா என்று புட்டியை என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து வேறு ஆள் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில் ரூமில் எல்லோரும் இருக்கும்போது அவனிடமே கொடுத்து விவரம் சொன்னேன். காசி புட்டியை மடியில் வைத்துக்கொண்டு துணி முடிச்சைத் தடவிப் பார்த்தான்.

"எத்தன தடவ போயிருக்கேன் அண்ணாச்சி. பெட்டியத் தவிர எங்கையில அங்க யாரும் எதையும் குடுத்ததில்ல" என்றான்.

நான் ஜெயித்துவிட்டேன். ரூம் முழுக்க அன்று என் பேச்சைத்தான் கேட்டது.

போன வாரம் அவன் திரும்பி வந்தான். "குடுத்துட்டேன் அண்ணாச்சி. அந்தப் பய மூடியத் தொறந்து மோந்து பாத்தான். திரும்ப மூடிட்டான். சாப்பிடல."

இத்தனை வருஷத்தில் என் வீட்டிலிருந்து யார் கையிலும் எனக்கு ஒன்றும் வந்ததில்லை. அடுத்த முறை என்ன கொண்டுவர வேண்டும் என்ற சேதிதான் வரும். எல்லாம் இருக்கிறவனுக்கு என்ன அனுப்ப என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க வைத்தவனும் நான்தான். ஆனாலும் முகம் பார்க்காத அந்த மார்க்கோ மேல் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்கு லீவு. வாங்கிய புடவைகளும் டேப்ரிக்கார்டரும் கட்டில் மேல் குவிந்து கிடக்கின்றன. கட்டிலுக்கு அடியில், ஜாம் புட்டி இருந்த டிரங்குப் பெட்டி, துணிகளையும் எடுத்துவிட்டதால் காலியாக இருக்கிறது. எலுமிச்சை வாசம் போய்விடும் என்று இன்னும் எதையும் அதற்குள் அடுக்கவில்லை.