கைக்குட்டை அரிசி

என் மகள் பயணத் திட்டம் போடுவதைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் தோற்றுப்போவார்கள். கணினியில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. எந்த விமானம், எந்த ரயில், எங்கே மத்தியானச் சாப்பாடு, அப்பாவின் முழங்கால் எத்தனை படி தாங்கும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. டிசம்பரில் நான்கு நாள், ஜெர்மனியில் நூர்ன்பேர்க். முதல் நாள் கிறிஸ்மஸ் காலத்து நத்தார்ச் சந்தையும் பழைய கோட்டையும். இரண்டாம் நாள் பக்கத்து ஊரான பாம்பேர்க். நான்காம் நாள் திரும்புவது. மூன்றாம் நாளுக்குரிய கட்டத்தில் ‘அப்பாவின் நாள்’ என்று மட்டும் எழுதி, மிச்சத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

“நீங்கள் அகதியா இருந்த ஊர் அதுக்குப் பக்கத்திலதானே அப்பா? எங்க போகவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றாள். “யோசிச்சுச் சொல்லுறன்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போட எழும்பிப் போனேன். பதில் சொல்ல விருப்பமில்லாத இடங்களில் எல்லாம் எனக்குத் தேத்தண்ணீர் விடாய் வந்துவிடும்.

நாங்கள் ஜெர்மனிக்குப் போகாதவர்கள் இல்லை. கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு என்று டோர்ட்முண்டுக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் பல தடவை போயிருக்கிறோம். எல்லாம் பள்ளிக்கூட விடுமுறையில், நல்ல வெயிலில். குளிர்காலத்தில் ஒரு தடவையும் போனதில்லை. நூர்ன்பேர்க் பக்கம் எந்தக் காலத்திலும் போனதில்லை. யாரும் கேட்டால், நடுங்குவதற்கு லண்டன் வால்தம்ஸ்டோ போதாதா, அதற்கு விமானம் ஏறவேண்டுமா என்று பகிடி விடுவேன். இந்த வருடம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், என் பகிடியைக் கேட்காமலே மகள் டிக்கெட்டுகளை எடுத்துவிட்டாள்.

எண்பதுகளின் கடைசியில் நான் இருந்த சின்ன ஊர் நூர்ன்பேர்க்கிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். அகதிகளை வைத்திருந்த விடுதியை ஹைம் என்போம். அங்கே எனக்கும் இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கும் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு மேசை, நடைபாதையின் கடைசியில் பொது அடுப்பு. அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என் சமையலைத் தினமும் திட்டுவான், திட்டிக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுவான். சண்டை பிடிக்காமல் நாங்கள் ஒரு நாளும் படுத்ததில்லை. அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனிதன் அவன்தான்.

அந்த நாட்களில் அகதிகள் தங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. நூர்ன்பேர்க் எல்லைக்கு அப்பால் இருந்தது. ஊர்ச்சனம் சப்பாத்து வாங்கப் போய்வருகிற நகரத்துக்குப் போக எங்களுக்கு அகதிகள் அலுவல் பார்க்கும் கந்தோரிலிருந்து ஓர் அனுமதித் துண்டு வேண்டும். துண்டில்லாமல் ஒரு தடவை ரயிலில் போய்ப் பிடிபட்டிருந்தேன். இனிப் பிடித்தால் வழக்கு, உன் அகதி விண்ணப்பத்தையும் அது கெடுக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவனுக்கு மார்கழி மாதத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் மல்லி அவித்துக் கொடுத்தேன். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஹைம் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அம்புலன்ஸ் அவனை நூர்ன்பேர்க் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஐந்தாம் நாள் பொறுப்பாளர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் அதற்கு முன் எங்கள் அறையில் உட்கார்ந்ததே இல்லை. அதனால் அவர் வாய் திறக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு நகரத்தில் எரிப்பார்கள் என்றார். கந்தோர் பூட்டியிருந்தது. துண்டு எடுக்க வழியில்லை.

அன்று காலை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு பிடி அரிசியைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இரத்தச் சொந்தம் ஒருவரும் இல்லாத இடத்தில் அவனுக்கு வாய்க்கரிசி போடவும் கொள்ளி வைக்கவும் என்னைத் தவிர ஆளில்லை. முதல் ரயில் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. ரயில் வாசலில் பொலிஸ் நின்றது, அதனால்தான் ஏறவில்லை என்று பல வருடங்களாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொலிஸ் நிற்கவில்லை. ஒரு கிழவியும் அவளுடைய நாயும்தான் நின்றார்கள். எனக்குப் பயம். விசாவை நினைத்துப் பயந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்து அவனுடைய அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைக்கு எல்லாம் முறைப்படி நடந்தது அம்மா, வாய்க்கரிசி போட்டேன், நானே கொள்ளி வைத்தேன், அஸ்தியை நூர்ன்பேர்க் ஆற்றில் கரைத்தேன் என்று எழுதினேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஊரில் இருந்த ஒரு தாய்க்கு வேறு என்ன எழுதுவது என்று அன்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘கொள்ளி வைத்தவன் பிள்ளை. இனி நீதான் எனக்கு மகன்’ என்று எழுதி, மடிப்புக்குள் கொஞ்சம் திருநீறும் வைத்திருந்தார். சாகும்வரைக்கும் எனக்குத் திருநீறு அனுப்பினார். நான் அதைப் பூசியதில்லை, எறியவும் துணிவில்லை. பழைய பிஸ்கட் தகர ரின் ஒன்றுக்குள் எல்லாம் இருக்கிறது.

அவனுடைய தங்கை பிறகு பிரான்சுக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் வீடு வாங்கினாள். தாய் கொடுத்த விலாசத்தை வைத்து என்னைத் தேடிப்பிடித்தாள். ஒவ்வொரு மார்கழியிலும் தமையனின் திதியன்று படைத்து, முதல் இலையை எனக்குத்தான் போடுவாள். “அண்ணை சாப்பிட்டால் அவர் சாப்பிட்ட மாதிரி” என்பாள். அந்தச் சோற்றை ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்து இறக்குவேன். உறைப்புக் கூடிப்போச்சோ என்று அவள் கவலையோடு கேட்பாள்.

மகள் போட்ட அட்டவணையில் ஒரு பிழை இருந்தது. லண்டனில் பிறந்த பிள்ளைக்குப் பஞ்சாங்கம் தெரியாது, நானும் பார்க்கவில்லை. திதி ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும். சுவரில் தொங்கிய கோயில் கலண்டரில் பார்த்தபோது அது சரியாக மூன்றாம் நாளில் விழுந்திருந்தது. டிக்கெட்டை மாற்றவும் முடியாது. அவனுடைய தங்கைக்குப் போன் பண்ணி, இந்த வருடம் வர ஏலாது, நூர்ன்பேர்க் போகிறோம் என்றேன். கோபிப்பாள் என்று நினைத்தேன், ஒருவேளை கோபிக்கவேண்டும் என்றும் விரும்பினேன்.

அவள் அழுதாள். “அண்ணை, அது அவர் கூப்பிடுறது. நீங்கள் அஸ்தி கரைச்ச அந்த இடத்திலேயே அண்டைக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுவிடுங்கோ. இடத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை” என்றாள். ஓம் என்றேன். ஓம் என்பது எவ்வளவு லேசான சொல்.

அன்று மாலை மகளிடம் மூன்றாம் நாளுக்கு ஆற்றங்கரை என்று சொன்னேன். காரணத்தையும், கடிதத்தில் எழுதியபடியே, சொன்னேன். அவள் எதையும் தேடிப் பார்க்காமல் விடமாட்டாள். கொஞ்ச நேரத்தில் தலையை நிமிர்த்திச் சிரித்தாள். “அப்பா, அங்க சாம்பலை ஆத்தில கரைக்கச் சட்டம் விடாதாம். கையிலயே தரமாட்டினமாம். நீங்கள் பெரிய கள்ளன்தான், எப்பிடி எடுத்தனீங்கள்?” என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்தினாள். முப்பது வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லாததை அந்த அட்டவணைக்கு முன்னால் இருந்து சொன்னேன். கேட்டுமுடித்து அவள் கணினியை மூடினாள். “அப்டன் பார்க் அன்ரிக்கு நீங்கள்தான் சொல்லவேணும்” என்றாள் கடைசியில்.

சனிக்கிழமை பஸ் பிடித்து அப்டன் பார்க் போனேன். அவள் குசினியில் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். இருந்து சொன்னால் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். கொள்ளி வைக்கவில்லை, ஆற்றுக்குப் போகவில்லை, ரயிலிலேயே ஏறவில்லை என்றேன். அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

“அப்ப எங்கட அண்ணா ஒருத்தரும் இல்லாமத்தான் போனவரோ?”

“ஓம்.”

“வாய்க்கரிசி எண்டு அம்மாவுக்கு எழுதினனீங்களே. அரிசியும் பொய்யோ?”

“இல்லை. அரிசி கட்டிக்கொண்டு போனது உண்மை.”

“அதை என்ன செய்தனீங்கள்?”

பனியில் அவனை நினைத்து இறைத்தேன் என்ற பதில் நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றது. எனக்குப் பொய் அப்படித்தான், கேட்ட உடனே வடிவாக வரும். அதை விழுங்கினேன். “திரும்பவும் அரிசிப் பைக்குள்ள கொட்டினனான். பின்னேரம் அதிலதான் சமைச்சுச் சாப்பிட்டனான்” என்றேன்.

செத்தவனுக்கென்று எடுத்த அரிசியை உலையில் போடுவது எங்கள் ஆட்களில் ஒருவரும் செய்யாத காரியம். அவள் என்னைப் பார்க்கவில்லை, கழுவிய கீரையைத் திரும்பவும் கழுவினாள். “நீங்கள் இப்ப போங்கோ” என்றாள். அண்ணை என்று சொல்லவில்லை. வெளியே கடைகளில் சனம் சாமான் வாங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அவனுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

இரண்டு கிழமை அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இதற்கிடையில் மகள் நூர்ன்பேர்க் மயானக் கந்தோருக்கு எழுதிக் கேட்டாள். நகரசபை செலவில் எரித்தவர்களின் சாம்பலைப் புல்வெளி ஒன்றில் ஒன்றாக அடக்கம் செய்வார்களாம். தனிப் பெயர்க்கல் இல்லை, புல்வெளி இருக்கிறது என்று பதில் வந்தது. மூன்றாம் நாளில் இருந்த ஆற்றங்கரையை அழித்துவிட்டு அதை எழுதினாள். நான் பழைய சின்ன ஊர் ஸ்டேஷனையும் போடச் சொன்னேன். காலையில் முதலில் அங்கே போய், அங்கிருந்து நகரத்துக்கு ரயில் ஏறவேண்டும் என்றேன். அவள் நேர அட்டவணையைப் பார்த்தாள். “பதினொரு மணிக்கு அந்தப் புல்வெளியில நிக்கிற மாதிரி ஒரு ரயில் இருக்கு” என்றாள். அவளிடம் நான் நேரம் கேட்கவில்லை.

போவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது தங்கை வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். மகள் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மகளிடம் நீட்டி, “எனக்கும் ஒரு டிக்கெட் போடு பிள்ளை. என்ன விலையெண்டாலும் பரவாயில்லை” என்றாள். எள்ளும் தண்ணியும் தானே இறைக்கப் போவதாகச் சொன்னாள். பொம்பிளையள் செய்யிறதோ என்று யாரும் கேட்டால், செய்யவேண்டிய ஆம்பிளை செய்யேல்லை என்று பதில் சொல்லுவாளாம். அதை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

பிறகு இன்னொன்றையும் எடுத்து மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். ஒரு வெள்ளைக் கைக்குட்டை, நாலு மூலையும் சேர்த்து இறுக்கி முடிந்திருந்தது. தொடாமலே அரிசி என்று தெரிந்தது.

“இதை நீங்கள்தான் கொண்டுவரவேணும்” என்றாள். “இந்த முறை ரயிலில ஏறுங்கோ.”

ஓம் என்றேன். அவள் போன பிறகு மகள் பொட்டலத்தைக் குசினி அலுமாரியில் வைக்கப் போனாள். அங்கே வேண்டாம் என்று வாங்கி, எனக்கென்று மகள் வாங்கித் தந்திருந்த குளிர்க்கோட்டின் உள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துப் பூட்டினேன்.