ஓம் என்ற சொல்லுக்கு ஓர் அமர்வு

இத்தாலியின் பலெர்மோவில் எனக்குக் குமட்டிய விஷயங்கள் எவை என்று யாராவது கேட்டால், போர்கோ வெக்கியோ சந்தையின் மீன் கழிவையும், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் நாய் கம்பளத்தில் கக்கி வைப்பதையும் சொல்லலாம். ஆனால் அவை இரண்டுக்கும் மேலே நான் வைப்பது ஒரு மாநாட்டை. மொழிகளின் பன்மைக்கும், எல்லோருக்கும் பொதுவான திறந்த அறிவுக்கும் என்று நடத்தினார்கள். மீன் நாற்றம் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். யாரும் எழுதலாம் என்று இணையத்தில் ஒரு தமிழ் அகராதி இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு ரெலிபோன் கடைக்குப் போய், அங்கே இருந்த கணினியில் மன்னாரில் நாங்கள் கதைக்கிற சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். ஒரு நாள் ‘ஓம்’ என்ற சொல்லைச் சேர்த்தேன். எங்கள் பக்கத்தில் ‘ஆம்’ என்பதற்கு அதுதான் சொல். சாப்பிட்டாயா என்றால் ஓம். பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவத்துக்கு மனம் வருந்துகிறாயா என்று சுவாமி கேட்டாலும் ஓம்.

அடுத்த ஞாயிறு பார்த்தால் அழித்திருந்தார்கள். ஓம் என்பது மந்திரச் சொல், அது ஏற்கெனவே இருக்கிறது, இது பிழையான பயன்பாடு என்று பக்கத்தில் குறிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப அழித்தார்கள்.

பக்கத்தில் இருந்த மகளுக்கு அப்போது பதினொரு வயது. இந்த ஊரிலேயே பிறந்தவள். திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மம்மா, கொம்பியூட்டர் அதை ஸ்பல்யாத்தோ எண்டு சொல்லுது. நீங்கள்தான் பிழையாக் கதைக்கிறீங்கள்.”

அன்றைக்குப் பிறகு அவள் வாயில் ஓம் வரவேயில்லை. மற்றதெல்லாம் தமிழில் கதைப்பாள். அந்த இடம் வந்தால் மட்டும் இத்தாலியர் மாதிரி ‘ஸீ’. பால் குடிச்சியா? ஸீ. தலை வாரி இழுத்தியா? ஸீ. ஒவ்வொரு ஸீயும் எனக்குச் சுருக்கென்று குத்தும். ஒரு சொல்லில் தாயைப் பிழையாக்கிய பிள்ளை, மற்றச் சொற்களில் எத்தனை நாளைக்கு நம்பும்?

மாநாட்டைப் பற்றிச் சொன்னது ஒரு தம்பி. தமிழ்நாட்டிலிருந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்து, ஒரேத்தோ வீதியில் அறை எடுத்து இருந்தவர். “யாரு வேணா அமர்வு முன்மொழியலாம்க்கா. அந்த டிக்‌ஷனரிய பாத்துக்குறவங்களும் வர்றாங்க. நேர்லயே கேட்டுருங்க,” என்றார்.

மொழிப் பன்மை மாநாட்டுக்கு முன்மொழிவை ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதலாமாம். முதல் அரியண்டம், முதல் குமட்டல், அது. எந்த மொழியில் பேசுவீர்கள் என்ற இடத்தில் தமிழ் இல்லை. ‘மற்றவை’ என்பதைத்தான் தெரிவுசெய்தோம். நான் சொல்லச் சொல்லத் தம்பி ஆங்கிலத்தில் அடித்தார். தலைப்பு: ‘ஓம் என்றால் ஆம்: திறந்த அகராதியில் எங்கள் சொல்லுக்கு இடம் உண்டா?’ நான் தமிழில் பேசுவது, அவர் இத்தாலியனில் சொல்லுவது என்று ஏற்பாடு.

ஏற்றுக்கொண்டார்கள். சிஞ்ஞோராவின் குசினியில் நின்று துள்ளினேன். மகளிடம் சொன்னேன்: “நீயும் வா. அம்மாவின்ரை சொல்லு பிழையோ சரியோ எண்டு அங்கை எல்லாருக்கும் முன்னாலை கேப்பம்.” அவள் தோளைக் குலுக்கிவிட்டு, ஸீ என்றாள்.

பிறகு நிகழ்ச்சி நிரல் வந்தது. தலைப்பில் ‘ஓம்’ மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே, கிழக்கின் காலைத் தியானம், பாய் கொண்டு வரவும் என்று போட்டிருந்தார்கள்.

தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மாநாட்டை ஒழுங்கு செய்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். அகராதி பற்றிய அமர்வுகள் தேவைக்கு மேல் வந்துவிட்டனவாம், இது வித்தியாசமாக இருக்குமாம். சேலை உடுத்து வந்தால் இன்னும் நல்லதாம். கழுத்தில் செபமாலையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“விடுங்கக்கா,” என்றார் தம்பி. “உள்ள போயிட்டா நாம நினைச்சதயே பேசிரலாம்.”

“இது அரியண்டம் தம்பி. எனக்கு அடிவயித்திலை இருந்து நெஞ்சுவரைக்கும் எரியுது.”

“ஆமாக்கா. ஆனா டிக்‌ஷனரிக்காரங்க வர்றது இந்த ஒரு தடவதான்.”

அதனால் போனேன். சேலை உடுக்கவில்லை. வேலைக்குப் போகிற காற்சட்டையோடுதான் போனேன். மண்டபம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. அதற்குள்ளே கழற்றிப் போட்ட சப்பாத்துகளின் நாற்றம். கால்களை மடிக்கத் தெரியாமல் ஆட்கள் பாய்களில் புரண்டுகொண்டிருந்தார்கள். அகராதிக்காரர்கள் எங்கே என்று தேடினேன். அடுத்த மண்டபத்தில் அவர்களுக்கு வேறு கூட்டமாம். தியானத்துக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? மகள் கடைசியில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

தம்பி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “அக்கா, ஆரம்பிக்கலாமா?”

நான் பிறந்ததிலிருந்து சொல்லுகிறபடி சொன்னேன்: “ஓம்.”

மண்டபம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு, “ஓ...ம்ம்ம்” என்று முனகியது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. தெரிந்த இத்தாலியனில் கத்தினேன். இது செபம் இல்லை, ‘ஸீ’ என்றுதான் அர்த்தம், ஆரம்பிக்கலாம் என்றுதான் சொன்னேன் என்றேன். கண்களைத் திறந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி நெஞ்சில் கையை வைத்து, ஒவ்வொரு சம்மதமும் ஒரு செபமாக இருக்கிற மொழி எவ்வளவு அழகு என்று உருகினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு அகராதிக் கதையைத் தமிழில் தொடங்கினேன். தம்பி இரண்டு வசனம் மொழிபெயர்த்திருப்பார். அதற்குள் அந்த முன்வரிசைக்காரி மெதுவாகக் கை உயர்த்தினாள். மொழிபெயர்க்க வேண்டாமாம், என் குரலே போதுமாம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தம்பி தயங்கிவிட்டு ஒலிவாங்கியை இறக்கினார். நான் திட்டினேன். சந்தையில் கேட்ட சொற்களையும் சேர்த்து, நல்ல தமிழில், வாய் வலிக்கத் திட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு புன்னகையோடு கேட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தில் மகள் பக்கத்தில் நின்றாள். காலையில் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

“பிள்ளை, பசிக்குதா?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணை மூடி, “ஓ...ம்ம்ம்” என்று இழுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.