கையெழுத்துப் போடாதீங்க சார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பௌர்ணமி நாள் காலையில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய தெரு ஒன்றில், நான் வாடகைக்கு எடுத்திருந்த மாடியில் நடந்தது இது.

நான் ஒரு ஆடியாலஜிஸ்ட். ஒருவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று பரிசோதித்துச் சொல்வது என் வேலை. சென்னையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரிலேயே கிளினிக் ஆரம்பிக்கலாம் என்று வந்திருந்தேன். ஆசைப்படுவது சுலபம். லைசென்ஸ் வாங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. விண்ணப்பம், கட்டட வரைபடம், தீயணைப்புச் சான்று என்று வேங்கிக்காலில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்ததில், அங்கே டீக்கடைக்காரர் நான் கேட்காமலேயே சர்க்கரை கம்மியாகப் போட்டுத் தரும் அளவுக்குப் பழகிவிட்டார். கடைசியில் அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

இதற்கிடையில் பக்கத்தில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அம்மா போன் செய்துகொண்டே இருந்தார். இரண்டு வயதுக் குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறு ஊருக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பஸ் ஏறினாலே கொழந்த வாந்தி எடுக்குதும்மா. நீங்க எப்போ தொறப்பீங்க, அத சொல்லுங்க" என்றார். அந்தக் குரல் என்னைத் தூங்க விடவில்லை.

அதிகாரி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை, கூடவே ஒரு உதவியாளர். படியேறும்போது பின்னாலிருந்து, "பாத்து சார், கடைசிப் படி ஒசரமா இருக்கும்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வந்த பிறகும் அப்படித்தான். நான் எதைச் சொன்னாலும் உதவியாளர் அதை வாங்கி, அவர் முன்னால் போய் நின்று சத்தமாகத் திருப்பிச் சொன்னார். "ரேம்ப் கீழ இருக்குதாம் சார்." "டாய்லெட் தனியா இருக்குதாம் சார்." பெரிய அதிகாரியிடம் நேரே பேசக்கூடாது, நடுவில் ஒருவர் வேண்டும் என்பதை அலுவலகங்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் இடத்துக்கு வந்தும் இந்த மிடுக்கா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பரிசோதனை அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்து, தடித்த கதவு போட்டு, வெளிச்சத்தம் வராதபடி செய்த சின்ன அறை. கிளினிக்குக்கு இதுதான் உயிர். உள்ளே சத்தம் வந்தால், நாங்கள் கொடுக்கும் மெல்லிய ஒலி அதில் அமுங்கிப்போகும். காது நன்றாகக் கேட்கும் குழந்தையைக்கூடக் கேட்கவில்லை என்று எழுதிவிடுவோம். மற்ற நாட்களில் பலமுறை சரிபார்த்திருந்தேன். ஆனால் இதே ஊரில் பிறந்து வளர்ந்த நான், பௌர்ணமி என்று ஒன்று இருப்பதையே கணக்கில் எடுக்காமல் அறையைக் கட்டியிருக்கிறேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

எதிரே அன்னதானப் பந்தல். அதன் ஒலிபெருக்கி என் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. நானும் அதிகாரியும் அறைக்குள் போனோம். கதவைச் சாத்தினேன். "தொன்னை கட்டு எங்கப்பா வச்சீங்க, சீக்கிரம் எடுத்தாங்க" என்று மைக்கில் யாரோ கத்துவது, மெலிதாக, ஆனால் வார்த்தை வார்த்தையாக உள்ளே கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு தலையை ஆட்டி, "நல்லா இருக்கும்மா. ஒரு சத்தம்கூட இல்ல" என்றார்.

மனிதர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தபோதுதான் பார்த்தேன். அவர் கண்கள் என் முகத்தில் இல்லை, என் உதட்டில் இருந்தன. படியில் திரும்பாதது, உதவியாளர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது, எல்லாமே அப்போதுதான் புரிந்தது. நான் படித்த படிப்பே இதைக் கண்டுபிடிப்பதற்குத்தான். அரைமணி நேரமாக என் கண்ணெதிரே நின்றதை மிடுக்கு என்று நினைத்துவிட்டேன்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். சும்மா இருந்தால் லைசென்ஸ் என் கையில். சொன்னால் லைசென்ஸும் போகும், அவர் மனமும் நோகும். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த அறையில் முதலில் உட்காரப் போவது அடி அண்ணாமலைக் குழந்தை. அதிகாரி முன்னால் போய் நின்று, நிதானமாகச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடாதீங்க சார். ரூமுக்குள்ள சத்தம் வருது. மைக்குல பேசறது எனக்கு நல்லா கேக்குது."

உதவியாளர் பதறிப்போய், "சாரே ஓகேன்னுட்டாரு, வுடுங்க மேடம்" என்றார். அதிகாரி அவரையே பார்த்தார். "நீ உள்ள போய்க் கேட்டுட்டு வாப்பா" என்றார். போய்விட்டு வந்த உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டு, "கேக்குது சார்" என்றார்.

அவர் பேனாவை மூடினார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். மெல்லிய குரலில்தான் பேசினார். "சின்ன வயசுல ரெண்டு காதுலயும் சீழ் வடியும்மா. வயசாக ஆக ஜாஸ்தியாயிடுச்சு. ஆபீஸ்ல தெரிஞ்சா செவிடன்னு பேராயிடும். இவன்தான் என்னைக் காப்பாத்திக்கிட்டிருக்கான்." உதவியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்சம் தயங்கி, "இப்பவே டெஸ்ட் பண்ணிப் பாக்கறியா?" என்று கேட்டார்.

"லைசென்ஸ் இல்லாம நான் பண்ணக் கூடாதே சார்" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தவர், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மூவரும் சிரித்தோம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முதலில் போங்கள், சீழ் வந்த காது என்பதால் தள்ளிப்போடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். எழுந்தவர், "அடுத்த பௌர்ணமிக்கே வரேன். அன்னிக்குத் தாங்குச்சுன்னா என்னைக்கும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடி அண்ணாமலை அம்மாவுக்குப் போன் செய்து இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று சொன்னபோது, அவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். அதுதான் ரொம்ப வலித்தது.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். கதவுக்கு ரப்பர் போட்டு, உள்ளே இன்னொரு கதவும் வைத்தேன். அடுத்த பௌர்ணமிக்கு அவர் வந்தார், உதவியாளர் இல்லாமல் தனியாக. இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் கருவி இருந்தது. அதை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. "கீழ பந்தல்ல என்ன சத்தம்மா, காது கிழியுது" என்று முகத்தைச் சுளித்தபடியே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. "ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வாட்டி நெசமாவே கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் குழந்தை இப்போது கருவி மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. நானும் மாறியிருக்கிறேன். கடையிலோ பஸ்ஸிலோ யாராவது நான் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் நின்றால், பழையபடி சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதைக் காட்டுவதற்கு முன், அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன்.