மாணவர் உறுப்பினர் வெளியே இருக்கவும்

அவள் போட்டியின்றித் தேர்வானாள். வேறு யாரும் மனு போடவில்லை. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் மாணவர்களுக்கென்று ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற எல்லாவற்றையும் நின்று படிக்கிறவள் என்பதால் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாலை வேளைகளில் அவளுக்குச் செய்ய வேறு அதிகம் இல்லை.

முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பாசிகளைப் பற்றி ஆய்வு. நாள் முழுக்க நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சுத்துணை தேவைப்படாத வேலை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அண்ணன் வீடு இருந்தது. அங்கே போனால் ஹாலில் படுக்க வேண்டும். காலையில் அவள் பாயைச் சுருட்டும்வரை அண்ணன் பிள்ளைகள் தொலைக்காட்சியைப் போடாமல் சுவர் ஓரமாக நடப்பார்கள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

முதல் கூட்டத்தன்று பதிவாளர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார். உள்ளே பேசுவதை வெளியே சொல்லக்கூடாது. அவளுக்கு அது கௌரவமாகத்தான் பட்டது. விடுதிக்குத் திரும்பியதும் சாப்பாட்டு மேஜையில் மற்ற பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"என்னடி பேசினாங்க உள்ள?"

"சொல்லக் கூடாது."

"அடேயப்பா, ராணுவ ரகசியம்!"

அடுத்த கூட்டத்துக்குப் பிறகு ஒருத்திதான் கேட்டாள். அதற்கடுத்து யாரும் கேட்கவில்லை. 'கவுன்சில்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. "கவுன்சில் குளிக்க வருது, வழி விடுங்கடி" என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

சொல்வதற்கும் அவளிடம் அதிகம் இருக்கவில்லை. ஆட்சிக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாதிக் கூட்டம் முடிந்ததும் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி, "இனி தனிப்பொருள்" என்பார். மாணவர் உறுப்பினர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். ஆசிரியர்கள் மீதான புகார்களுக்காக எப்போதோ வைத்த ஏற்பாடு. நாளடைவில் கட்டடம், கட்டணம், விடுதி எல்லாமே தனிப்பொருளாகிவிட்டன. தண்ணீர் சுத்திகரிப்பான் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி அவளுக்காகவே கிடந்தது. அதில் உட்கார்ந்திருப்பாள். கதவுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்கும். ஒருமுறை அவளைக் கூப்பிடவே மறந்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்த பொருளாதாரப் பேராசிரியர், "என்னம்மா, யாருக்காக வெயிட் பண்றே?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்.

போன கூட்டத்தில் துணிந்து கேட்டாள்.

"சார், விடுதி சம்பந்தப்பட்ட விஷயத்துக்காவது நான் உள்ள இருக்கலாமா?"

துணைவேந்தர் கோபப்படவில்லை. "வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா. ஒருத்தருக்காக அதை மாத்த முடியுமா?"

அந்த வருடம் விடுமுறையில் பெண்கள் விடுதியை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அறைகளை வெளியாட்களின் பயிற்சி முகாம்களுக்கு விடப்போகிறார்களாம். மூட்டை கட்டத் தயாராக இருங்கள் என்று விடுதிக் காப்பாளரே சொல்லிவிட்டார். பெரும்பாலானவர்களுக்கு அதில் கவலையில்லை. எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள். அவளுடைய அறையின் எதிர்க்கட்டில்காரிக்குக் கவலை இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா மறுமணம் செய்துகொண்டு, வீட்டில் அவள் இருந்த அறையைத் தையல் மெஷின் போட எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீதான் கவுன்சிலாச்சே. போய் நாலு வார்த்தை கேளேன்," என்றாள் எதிர்க்கட்டில்காரி.

"கேக்கறேன்."

"கேப்ப, கேப்ப. வந்து சொல்லக் கூடாதும்ப."

இரண்டு பக்கம் எழுதினாள். அடித்துத் திருத்தி ஒரு பக்கமாக்கினாள். பாசிகளின் முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். அடுத்தது வருடத்தின் கடைசிக் கூட்டம். அதோடு அவளுடைய பதவிக்காலமும் முடிகிறது.

கூட்டம் வளவளவென்று இழுத்தது. மருத்துவக் கல்லூரி முதல்வர் அலைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்து போனார். ஒரு தொழிலதிபர் விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த பொருள் விடுதியை மூடுவது. பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் வழக்கம்போலப் பையை எடுத்தாள்.

"நீங்க இருங்கம்மா," என்றார் பதிவாளர். "இன்னைக்கு வெளிய போக வேணாம்."

யாரோ அவள் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்கள். அவளுக்கு முகம் சூடாயிற்று. வருடம் முழுக்க இதற்குத்தானே காத்திருந்தாள். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்துக்கூட விட்டாள்.

அப்போதுதான் பதிவாளரின் பென்சிலைக் கவனித்தாள். அது ஒவ்வொரு தலையாக எண்ணிவந்து அவளிடம் முடிந்தது. ஏழு. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்த மாணவர் உறுப்பினர் அநேகமாக அவள் ஒருத்திதான்.

அவள் பேசலாம். தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு ஒருவர் எதிர்ப்பு, மற்றவர்கள் ஆதரவு என்று முடிப்பார்கள்.

தாளை மடித்தாள்.

"சார், இது தனிப்பொருள். நான் இருக்கக் கூடாது."

"நாங்கதானே இருக்கச் சொல்றோம்," என்றார் துணைவேந்தர்.

"வழக்கத்தை ஒருத்தருக்காக மாத்த முடியாதுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

பொருளாதாரப் பேராசிரியர் இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். பதிவாளர் பாதி எழுந்தார். "என்னம்மா, சின்னப்பிள்ளை மாதிரி... உக்காருங்க." அவள் வாயில் பிஸ்கட் இன்னும் கரையவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை உள்ளே சிரிப்பில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. போதிய உறுப்பினர் இல்லாததால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்தது விடுமுறைக்குப் பிறகு. அதில் அவளுடைய இடத்தில் வேறொருவர் இருப்பார், அல்லது யாரும் இருக்க மாட்டார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தாள். "லீவுக்கு வரலண்ணா."

"மூடறாங்கன்னு சொன்னியே?"

"மூடல."

"அப்படியா? சரிம்மா. உடம்பைப் பாத்துக்க." அவன் குரலில் லேசான நிம்மதி இருந்தது. அவளுக்கும் நிம்மதிதான். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

விடுமுறை தொடங்கியது. தாழ்வாரம் முழுக்கப் பூட்டுகள் தொங்கின. எதிர்க்கட்டில்காரி துவைத்த துணிகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுக்கொண்டே பேசினாள்.

"டிபார்ட்மென்ட்ல சொன்னாங்க. கூட்டத்துல நீ பாதியிலயே எழுந்து போயிட்டியாமே?"

"ம்."

"ஆள் பத்தாம கூட்டமே நடக்கலையாம். ஏதோ நம்ம நல்ல நேரம். உன்னை நம்பியிருந்தா நான் இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கணும்." திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "ஏன்டி போன?"

கையெழுத்துப் போட்ட உறுதிமொழி பதவி முடிந்த பிறகும் செல்லும் என்று விதியில் இருந்தது. அதனால் மட்டுமல்ல. நான் போனதால்தான் நீ இங்கே இருக்கிறாய் என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

"தலைவலியா இருந்துச்சு," என்றாள்.

"நல்லா வந்துச்சு தலைவலி," என்று எதிர்க்கட்டில்காரி ஈரப் பாவாடையை உதறினாள். தண்ணீர் இவள் முகத்தில் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.