அண்ணன் எழுதிய அட்டை

அருங்காட்சியகத்தில் பொருள்களுக்கு விளக்க அட்டை எழுதுவது என் அண்ணனின் வேலை. ஒரு கல்லில் இருந்த பள்ளம் ஞானியின் காலடித்தடம் என்று ஒரு கூட்டமும், மழை அரித்தது என்று இன்னொரு கூட்டமும் மல்லுக்கு நின்றன. அண்ணன் இரண்டையும் எழுதி, பள்ளத்தின் நீளத்தையும் சேர்த்தார். இரு தரப்பும் ஏசின. "அப்போ சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் தன் கடைசி நாள்களில் அண்ணி அவரிடம் கேட்டார்: "செத்த பிறகு நாம மறுபடி சந்திப்போமாங்க?"

"அப்படி நம்புறவங்க இருக்காங்க" என்றார் அண்ணன்.

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயுமா அட்டை?

இப்போது அண்ணியின் படத்துக்குக் கீழே அண்ணன் எழுதிய ஓர் அட்டை இருக்கிறது: "கண்டிப்பாகச் சந்திப்போம்." முப்பது வருடத்தில் அவர் ஒரு பக்கம் சாய்ந்து எழுதியது அது ஒன்றுதான். படிக்க வேண்டியவர்தான் இல்லை.